பள்ளி மேலாண்மைக் குழுவில் சேரச் சொல்கிறார்கள். அஞ்சாவது படித்த எனக்கு அங்கே என்ன வேலை?

சேருங்கள் சகோதரி. யோசிக்கவே வேண்டாம்.

"மகள் மூன்றாம் வகுப்பு. எஸ்.எம்.சி.யில் (பள்ளி மேலாண்மைக் குழுவில்) பேர் கொடுக்கச் சொல்லி எச்.எம். (தலைமை ஆசிரியர்) கேட்கிறார். கையெழுத்து வாங்கத்தானே கூப்பிடுகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். மத்தியானக் கூட்டத்துக்கு லீவு போட முடியாது என்றும் எழுதியிருப்பதால், நீங்களும் என்னைப்போலக் கூலி வேலைக்குப் போகிறவர் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

நான் பத்தாவது. சிவகங்கை மாவட்டத்தில் ஒரு சின்னக் கிராமம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, மொத்தமே அறுபது சொச்சம் பிள்ளைகள். 2022-ல் குழுக்களை மறுபடி அமைத்தபோது என்னைத் தலைவராகப் போட்டார்கள். அந்த வருடம் மார்ச் 20-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, தமிழ்நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் நடந்தது ஞாபகம் இருக்கும். குழுவில் 20 பேர், அதில் 15 பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று அன்று சொன்னார்கள். முக்கால் பங்கு பெற்றோர், பாதி பெண்கள் என்பது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. யாரோ நம்மேல் இரக்கப்பட்டுக் கொடுத்த இடம் இல்லை இது.

ஆனால் நடந்தது என்ன? மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்குக் கூட்டம். நான்கு பேர் வருவோம், சில மாதம் மூன்று பேர். மற்றவர்களிடம் மறுநாள் வீட்டுக்குப் போய்க் கையெழுத்து வாங்குவார்கள். நீங்கள் சொன்ன அதே கதைதான், அதை நான் மறைக்கவில்லை. ஒரு கூட்டத்தில் எச்.எம். டீச்சர், "இந்த ஊர்ப் பெற்றோருக்கு அக்கறையே இல்லை" என்று சொல்லிவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. அவர் நல்ல டீச்சர், இரண்டு பஸ் மாறி வருகிறவர், அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் அந்த வார்த்தை தப்பு.

ஏனென்றால் அந்த மூன்று மணிக்கு எங்கள் ஊர் அம்மாக்கள் எல்லாரும் கண்மாய் வரத்துக்காலில் மண் வெட்டிக்கொண்டிருப்பார்கள். 2023-ல் நூறு நாள் வேலையில் எல்லா இடத்திலும் செல்போனில் போட்டோ எடுத்துத்தான் வருகைப்பதிவு என்று ஆக்கியிருந்தார்கள். காலையில் ஒரு தடவை, மத்தியானத்துக்கு மேல் ஒரு தடவை. இரண்டாவது போட்டோவில் ஆள் இல்லை என்றால் அன்றைய கூலி சிக்கல். அந்த வருடம் அறிவித்த கூலி 294 ரூபாய். பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போவதற்கு அந்தப் பணத்தை விட வேண்டும். அதுவும் போனால் என்ன சொல்வார்கள்? பையன் வீட்டுப்பாடம் எழுதவில்லை, பேன் பார்த்து அனுப்புங்கள். இதைக் கேட்கவா ஒரு நாள் கூலியை விடுவார்கள்?

இதை அப்படியே டீச்சரிடம் சொன்னேன். கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. அடுத்த வாரம், சோற்று நேரத்தில், நோட்டை எடுத்துக்கொண்டு வெயிலில் நடந்து கண்மாய்க்கரைக்கே வந்துவிட்டார். புளியமரத்தடியில் நாங்கள் தூக்குவாளியைத் திறந்து உட்கார்ந்திருந்தோம். அவரும் மண்ணில் உட்கார்ந்தார். யார் யார் பிள்ளை எத்தனை நாள் வரவில்லை, யாருக்கு இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்க வரவில்லை என்று வாசித்தார். எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒரு அப்பத்தா, குழுவில் உறுப்பினர்கூட இல்லை, கேட்டார்:

"டீச்சரு, பேத்திக்கு நெறச்சுக் குடுத்துவிடுற தண்ணி சாயங்காலமும் அப்புடியே திரும்பி வருதே, என்னா வெவரம்?"

யாரும் பேசவில்லை. பிறகு ஒருத்தி, "எம்மகளும் அப்படித்தான், கொண்டுபோன தண்ணி கொண்டுபோனபடி" என்றாள். இன்னொருத்தி, மகள் வீட்டுக்குள் நுழைந்ததும் பையை வாசலிலேயே போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடுவதைச் சொன்னாள். ஒரு பிள்ளைக்கு அந்த வருடம் இரண்டு முறை நீர்க்கடுப்பு வந்திருக்கிறது. சூடு பிடித்துவிட்டது என்று வெந்தயம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். என் மகளும் அதே பள்ளிதான். அவள் பாட்டிலை நான் ஒருநாளும் கவனித்ததில்லை. மிச்சத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுக் கழுவி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறாது.

அன்று ராத்திரி ஒவ்வொருத்தியும் அவளவள் மகளிடம் கேட்டோம். பெண் பிள்ளைகள் கக்கூசில் தாழ்ப்பாள் உடைந்திருக்கிறது, உள்ளே குழாய் இல்லை, முன்பக்கக் குழாயில் வாளியில் பிடித்துப் பையன்கள் விளையாடுகிற இடத்தைத் தாண்டித் தூக்கிப் போக வேண்டும். வெட்கம். அதனால் தண்ணீரே குடிப்பதில்லை என்று அதுகளே ஒரு முடிவு எடுத்திருக்கின்றன. ஏழு வயதுப் பிள்ளைகள். டீச்சரிடம் சொல்லவில்லை, நம்மிடமும் சொல்லவில்லை. பதிவேட்டில் "கழிப்பறை உள்ளது" என்று இருந்தது. உள்ளதுதான், டைல்ஸ் போட்ட கழிப்பறை.

தாழ்ப்பாள் மறுநாளே சரியாயிற்று. கொத்தனார் வேலை பார்க்கும் ஒரு அப்பா வந்து மாட்டிக் கொடுத்தார். தண்ணீர்தான் இழுத்தது. மேல்நிலைத் தொட்டியில் இருந்து கக்கூஸ் வரைக்கும் நூறு அடி பைப். அதற்கு ஊராட்சியில் நிதி இல்லை என்றார்கள். பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று குழு எழுதிக் கொடுக்கிற பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் எழுதினோம், ஒன்றிய அலுவலகத்துக்கு மூன்று முறை மனு கொண்டுபோனோம்.

இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை என்று 2021-ல் அறிவித்தார்கள், அதனால்தான் மூன்று முறை போக முடிந்தது, நன்றி. ஆனால் எங்கள் நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் நின்றால் வண்டி நிற்பதில்லை. கை காட்டுவோம், அம்பதடி தள்ளிப் போய் வேகத்தைக் குறைக்கும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி முடிப்பதற்குள் கிளம்பிவிடும். ஒரு ஆம்பளை நின்றால் மட்டும் சரியாக நிறுத்தத்திலேயே நிற்கும். இலவசம் என்பதற்காக எங்களை இப்படி ஓட விடலாமா? எல்லா ஓட்டுநரும் அப்படி என்று சொல்லவில்லை. எங்கள் வழித்தடத்தில் நாங்கள் அனுபவித்ததைச் சொல்கிறேன்.

பைப்புக்கு வருகிறேன். அந்த ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு நாங்கள் முப்பது பெண்கள் போனோம். அப்பத்தாவும் வந்தார். அந்தத் தண்ணீர் பாட்டில் விஷயத்தை எழுந்து நின்று அவரே சொன்னார். தீர்மான நோட்டில் எழுதினார்கள். எழுதியதோடு விட்டார்கள். அக்டோபர் 2-ஆம் தேதிக் கூட்டத்தில் மறுபடி கேட்டோம், "போன கூட்டத் தீர்மானத்தை வாசியுங்கள்" என்று. நவம்பரில் பைப் வந்தது.

"குழாய் போடுவது அரசாங்கத்தின் வேலை, பெற்றோர் தலையில் ஏன் கட்டுகிறாய்?" என்று கருத்துப் பகுதியில் சிலர் கேட்பார்கள், தெரியும். பைப் அரசுப் பணத்தில்தான் வந்தது, நாங்கள் வசூல் பண்ணவில்லை. ஆனால் பிள்ளை தண்ணீர் குடிக்கவில்லை என்பது எந்த அலுவலகத்துக்கும் தெரிந்திருக்காது. அதைப் பார்த்தது பள்ளிக்கூடமே போகாத ஒரு கிழவி. அஞ்சாவது படித்த எனக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்டதற்கு என்னிடம் இருக்கிற பதில் அவர்தான்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைக் கூட்டம் ஒரு பக்கம் நடந்தாலும், ஏதாவது முக்கியம் என்றால் சாயங்காலம் ஆறரைக்குப் பள்ளித் திண்ணையில் கூடினோம். பதினைந்துக்குக் குறையாமல் வந்தார்கள். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எங்கள் பள்ளிக்கும் வந்தபின், சமைக்கிற மகளிர் குழுப் பெண்களையும் உட்கார வைத்தோம். திங்கட்கிழமை எந்தப் பிள்ளை மூன்று தடவை தட்டை நீட்டுகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த வீட்டில் சனி, ஞாயிறு என்ன நிலைமை என்று டீச்சர் அப்படித்தான் தெரிந்துகொண்டார்.

இப்போது நான் தலைவர் இல்லை. 2024-ல் குழுவை மாற்றி 24 பேராக்கி, முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். என் மகள் ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊர் போய்விட்டாள். அந்த அப்பத்தாவின் மருமகள் இப்போது உறுப்பினர், அவள் வேலைக்குப் போகிற நாளில் கூட்டத்துக்கு வந்து உட்காருவது அப்பத்தா.

உங்கள் மகளுக்கு அந்தப் பள்ளியில் இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கிறது. பேர் கொடுக்கும் அன்றே எச்.எம்.மிடம் கூட்ட நேரத்தைப் பேசிவிடுங்கள். வேலைக்குப் போகிறவள், சாயங்காலம் வைத்தால் கட்டாயம் வருவேன் என்று வேறு இரண்டு அம்மாக்களையும் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். ஒருத்தி சொன்னால் தட்டிக்கழிக்கலாம், மூன்று பேர் சொன்னால் கொஞ்சம் யோசிப்பார்கள்.