கல்லூரியும் மருத்துவமனையும் வந்துவிட்டால் ஒரு சின்ன நகரம் தானாக வளர்ந்துவிடுமா?

உங்கள் ஊருக்கு மெடிக்கல் காலேஜ் அறிவித்திருக்கிறார்கள் போலிருக்கிறது. பக்கத்தில் மனை வாங்கிப் போடலாமா என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி என்று நினைக்கிறேன். மனை விலை ஏறும். ஊர் வளருமா என்பது வேறு சமாச்சாரம்.

எங்கள் குமரி மாவட்டத்தைப் பாருங்கள். நெய்யூரில் மிஷன் ஆஸ்பத்திரி 1838லேயே வந்துவிட்டது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். ஆனாலும் படித்த பிள்ளைக்கு உள்ளூரில் வேலை என்றால் டீச்சர், நர்ஸ், பாங்க், நகைக்கடை. அதற்கு மேல் யோசிக்க வேண்டும். உடனே மணவாளக்குறிச்சி மணல் ஆலை, ரப்பர், முந்திரி என்று சிலர் பட்டியலோடு வருவீர்கள். இல்லை என்று நான் சொல்லவில்லை. பி.இ. முடித்தவனை முந்திரி உடைக்க யாரும் கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான்.

மார்த்தாண்டம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் சமயத்தில் ராத்திரி கடை பூட்டும்போதும் மெஷினில் கை வைத்தால் சுடும். ஸ்பைரல் கம்பி தீர்ந்துபோய்ப் பக்கத்துக் கடையில் கடன் வாங்கியிருக்கிறேன். அப்புறம் அட்மிஷன் குறைந்தது. முதலில் மெஸ் போனது, பிறகு ரசவடைக் கடை, பிறகு நான். அந்தக் கல்லூரியால் ஊருக்கு வந்தது பையன்களின் கைச்செலவுக் காசுதான். படித்து முடித்தவன் ஒருத்தனும் இங்கே பட்டறை போடவில்லை. அவனைக் குற்றம் சொல்ல முடியாது. எல்லை தாண்டினால் திருவனந்தபுரத்தில் டெக்னோபார்க் என்ற ஐ.டி. பூங்கா 1990லிருந்து இருக்கிறது.

இப்போது கடை ஒரு ஆஸ்பத்திரிக்கு எதிரில். வருவது நர்ஸ் பிள்ளைகள். அனுபவச் சான்றிதழ், வெளிநாட்டு வேலைக்குச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் டேட்டாஃப்ளோ தாள், அங்கே லைசென்ஸுக்கு எழுதும் ப்ரோமெட்ரிக் பரீட்சையின் ஹால் டிக்கெட். "அண்ணே, சீல் தெளிவா விழணும்" என்று ஸ்கேனர் பக்கத்திலேயே நிற்பார்கள். இங்கே கொடுக்கும் சம்பளத்தில் பஸ் காசு போக என்ன மிஞ்சும்? வளைகுடாவுக்குப் போய்விடுகிறார்கள். பணம் திரும்பி வருகிறது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் மாடி வீடாகவும் பவுனாகவும் வருகிறது, தொழிலாக வருவதில்லை.

கோவையில் கதை வேறு. அங்கே முதலில் மில்லும் பவுண்டரியும் இருந்தன. 1951ல் பி.எஸ்.ஜி. டெக் என்ற பொறியியல் கல்லூரி வந்தபோது படித்தவனுக்கு வேலை கொடுக்க ஊரே தயாராக இருந்தது.

இன்னொன்று, அலுவலகங்கள். கலர் மெஷினுக்குக் கடன் கேட்டபோது பாங்கில் மூலப் பத்திரம் கேட்டார்கள். நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1. அதற்கு முன் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம், அந்தக் காலத்து எங்கள் பத்திரம் முழுக்க மலையாளத்தில் இருக்கிறது. அதைத் தமிழில் எழுதி வாங்கிக் கொண்டுபோனால், பட்டாவில் தாத்தா பெயரின் இனிஷியல் ஒத்துவரவில்லை என்றார்கள். தாலுகா ஆபீஸ், வில்லேஜ் ஆபீஸ், மறுபடி பாங்க் என்று அலைந்து கடன் கைக்கு வருவதற்குள் எதிர்க்கடைக்காரர் மெஷின் இறக்கிவிட்டார். அவர் நிலம் தகராறு இல்லாதது. ஒரு பட்டாவை ஒழுங்காகத் திருத்திக் கொடுக்கிற ஆபீஸ் இருந்தால், என் போன்றவனுக்கு அது இன்னொரு காலேஜைவிட மேல்.

மனை வாங்கும் யோசனைதான் என்றால், வாங்குங்கள், பட்டா பார்த்து வாங்குங்கள். கடை மட்டும் போட்டுவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் நாற்பது பக்கம் அனுப்பி "பிரிண்ட் எடுத்து வைங்க, இதோ வரேன்" என்பார்கள். ஒருத்தரும் வருவதில்லை.