காய்ச்சல் விட்ட நாளில்தான் கூடுதல் கவனம் வேண்டும்

கேள்வி: நான் படுவான்கரையில் உள்ள ஓர் ஆரம்ப மருத்துவப் பராமரிப்புப் பிரிவில் தாதிய உத்தியோகத்தராகக் கடமையாற்றுகிறேன். மாரி மழை தொடங்கினால் வயல் வேலைக்குப் போனவர்கள் காய்ச்சலும் மேல் உழைவுமாக வருகிறார்கள். எங்களிடம் ஒரு வைத்தியர்தான் இருக்கிறார். அவர் வரும்வரை நோயாளரைப் பார்ப்பது நான். குருதி மாதிரியை வெளியே அனுப்பித்தான் பரிசோதிக்க வேண்டும். டெங்கா எலிக்காய்ச்சலா என்று எப்படிப் பிரித்தறிவது? யாரை வீட்டுக்கு அனுப்பலாம், யாரை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்? "ஒரு ஊசி போடுங்க மிஸ்ஸி, இல்லாட்டி சேலைன் ஏத்துங்க" என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது? அவர்களோடு வயலுக்குப் போகும் மற்றவர்களுக்குத் தடுப்பு மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: முதல் இரண்டு நாட்களில் இந்த இரண்டு நோய்களையும் முகத்தைப் பார்த்து உறுதியாகப் பிரித்தறிய எவராலும் முடியாது, பல ஆண்டுகள் காய்ச்சல் நோயாளரைப் பார்த்துவரும் என்னாலும் முடியாது. இரண்டிலும் திடீரென்று காய்ச்சல் வரும், தலையிடி வரும், உடம்பு முழுவதும் உழையும். நமது மாவட்டத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒரே மாதங்களில்தான் கூடுகின்றன. வடகீழ்ப் பருவ மழையில் வயலில் நீர் நிற்கும்போது எலிக்காய்ச்சலும், அதே மழை வீட்டு வளவில் உள்ள சிரட்டையிலும் ரயரிலும் தேங்கும்போது டெங்கும் வருகின்றன. ஆகவே நோயின் பெயரைக் கண்டுபிடிக்கும் சுமையை நீங்கள் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. இந்த மனிதருக்குக் காய்ச்சல் தொடங்கி எத்தனை மணித்தியாலம் ஆகிறது, இப்போது அவருடைய குருதியோட்டம் எப்படி இருக்கிறது என்பவைதான் நீங்கள் முதலில் அறிய வேண்டியவை. இவற்றுக்கு ஆய்வுகூடம் தேவையில்லை.

"மூணு நாளாக் காய்ச்சல்" என்று ஒருவர் சொன்னால் அதை அப்படியே எழுதிவிடாதீர்கள். ஞாயிறு இரவு குளிர் எடுத்தவரும் திங்கள் பின்னேரம் மேல் சுட்டவரும் புதன்கிழமை வந்து "மூன்று நாள்" என்றுதான் சொல்வார்கள், ஆனால் இருவருக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு முழு நாள் வித்தியாசம் இருக்கிறது. "அன்றைக்கு வட்டைக்குப் (வயலுக்கு) போனீர்களா? குளிர் எடுத்தது சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?" என்று கேட்டால் அவர்களுக்கு நேரம் தெளிவாக நினைவுக்கு வரும். அந்த நேரத்தை நோயாளரின் கொப்பியில் முதல் வரியாக எழுதுங்கள். டெங்குக் காய்ச்சலில் குருதிக் குழாய்களிலிருந்து திரவம் கசியும் ஆபத்தான கட்டம் வழமையாக மூன்றாம் நாளுக்குப் பின்னர், காய்ச்சல் இறங்கும் வேளையை ஒட்டித் தொடங்கி, 24 முதல் 48 மணித்தியாலங்கள் வரை நீடிக்கிறது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டார் நிம்மதி அடையும் நேரமும் இந்த நேரமும் ஒன்றாகவே வருவதால்தான் பலர் பிந்தி வருகிறார்கள்.

வெல்லாவெளிப் பக்கத்திலிருந்து வந்த நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு விவசாயியை நான் மறக்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. தானே நடந்து வந்தார், கேட்ட கேள்விகளுக்குத் தெளிவாகப் பதில் சொன்னார். அவர் முதலில் காட்டிய இடத்தில் கொடுத்த துண்டில் "காய்ச்சல் இல்லை, பிரஷர் 100" என்று மட்டும் இருந்தது. கையைப் பிடித்துப் பார்த்தேன். மத்தியான வெயிலில் வந்தவரின் விரல்கள் கிணற்று நீரில் வைத்து எடுத்தவை போலக் குளிர்ந்திருந்தன. குருதியமுக்கத்தை நானே அளந்தபோது 100/84 என்று வந்தது. காலையில் எழுந்தபோது ஒருமுறை சிறுநீர் கழித்தவர் அதன் பின்னர் போகவே இல்லை. அவர் அதிர்ச்சி நிலைக்குள், அதாவது உறுப்புகளுக்குக் குருதியோட்டம் போதாமல் போகும் நிலைக்குள், போய்க்கொண்டிருந்தார். இரண்டு நாள் மிக நெருக்கமான கண்காணிப்பில் இருந்து சுகமாகி வீடு திரும்பினார். அந்தத் துண்டில் எழுதப்படாமல் போன கீழ் எண்ணில்தான் முழு விடயமும் இருந்தது.

திரவம் கசிந்து குழாய்களில் குருதியின் அளவு குறையும்போது உடல் முதலில் தோலுக்கும் கைகால்களுக்கும் போகும் குழாய்களைச் சுருக்கி, மூளைக்கும் இதயத்துக்கும் குருதி போகச் செய்கிறது. இதனால் மேல் எண் கனநேரம் விழாமலேயே இருக்க, கீழ் எண் உயர்ந்து மேல் எண்ணை நெருங்குகிறது. இரண்டுக்கும் இடையில் வழமையாக 40 அளவில் இருக்கும் இடைவெளி 20 ஆகவோ அதற்குக் குறைவாகவோ ஒடுங்கினால், அவர் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் நடந்தாலும், அது அவசர நிலை. மேல் எண் விழும்வரை காத்திருந்தால் நாம் பிந்திவிடுவோம். இரண்டு எண்களையும் எழுதுங்கள், கழித்து வரும் இடைவெளியையும் பக்கத்தில் எழுதுங்கள். மின் இயந்திரம் காட்டும் அளவில் ஐயம் இருந்தால் கையால் அடிக்கும் கருவியில் மீண்டும் அளவுங்கள். பிள்ளைகளுக்கு அவர்களுடைய கையின் அளவுக்கு ஏற்ற பட்டி வேண்டும், பெரியவர்களின் பட்டியைச் சுற்றினால் அளவு குறைத்துக் காட்டும். பிறகு விரல் நுனியை இதய மட்டத்தில் வைத்து ஐந்து விநாடி அழுத்தி விடுங்கள். இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். கடைசியாகச் சிறுநீர் கழித்தது எப்போது என்று எல்லோரிடமும் கேளுங்கள். ஆறு மணித்தியாலமாகப் போகவில்லை என்றால் அவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். விடாத வயிற்றுக் குத்து, நிற்காத சத்தி, முரசிலோ மூக்கிலோ குருதிக் கசிவு, கறுப்பு மலம், வழமைக்கு மாறான சோர்வு அல்லது அமைதியின்மை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அப்படியே செய்யுங்கள்.

எலிக்காய்ச்சலைப் பற்றி இனிச் சொல்கிறேன். எலியும் மாடும் எருமையும் சிறுநீரோடு வெளியேற்றும் கிருமி சேற்று நீரில் உயிரோடு இருந்து, காலில் உள்ள வெடிப்பு, சிராய்ப்பு வழியாகவும் கண், வாய் ஆகியவற்றின் மென்சவ்வு வழியாகவும் உடலுக்குள் போகிறது. பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களுக்குள் நோய் வெளிப்படும், சிலருக்கு ஒரு மாதம் வரையும் ஆகலாம். ஆகவே "நேற்று வயலுக்குப் போனீர்களா" என்பது போதுமான கேள்வி அல்ல. கடந்த ஒரு மாதத்தில் வயலிலோ வாய்க்காலிலோ வெள்ள நீரிலோ இறங்கினாரா, மாட்டுப் பட்டியில் வேலை செய்தாரா என்று கேளுங்கள். பின்னர் அவரைப் படுக்கவைத்துக் கெண்டைக்காலை மெதுவாக அழுத்துங்கள். டெங்கு நோயாளரும் உழைகிறது என்பார்; ஆனால் எலிக்காய்ச்சல்காரர் பலர் அழுத்தியவுடன் காலை இழுத்துக்கொள்வார்கள். கண்ணின் வெண்பகுதி பீளை இல்லாமல் சிவந்திருக்கிறதா, மஞ்சள் தெரிகிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சிறுநீர் குறைவது, இருமலில் குருதி வருவது, மூச்சு வாங்குவது ஆகியவை சிறுநீரகமும் நுரையீரலும் பாதிக்கப்படுவதன் அடையாளங்கள். அப்படிப்பட்டவர் ஒரு மணித்தியாலம்கூட உங்கள் வாங்கில் காத்திருக்கக் கூடாது. 2008ஆம் ஆண்டு இலங்கையில் 7,000 பேருக்கு மேல் இந்த நோய்ச் சந்தேகத்தில் பதிவானபோது உயிரிழந்தோரின் தொகை இருநூறு அளவில் இருந்தது.

பரிசோதனைகள் உதவும், ஆனால் அவற்றை நாளோடு சேர்த்து வாசிக்க வேண்டும். டெங்கு வைரசின் புரதத்தைக் குருதியில் தேடும் என்எஸ்1 பரிசோதனை முதல் சில நாட்களில் மட்டுமே நம்பத்தக்கது. ஐந்தாம் நாள் எடுத்து "இல்லை" என்று வந்தால் அதை வைத்து டெங்கை விலக்க முடியாது. எலிக்காய்ச்சலுக்கான பிறபொருளெதிரிப் பரிசோதனை இதற்கு மறுதலை: முதல் வாரத்தில் அது பெரும்பாலும் "இல்லை" என்றே வரும், எனவே வைத்தியர் சந்தேகத்தின் பேரிலேயே மருந்தைத் தொடங்குவார், தொடங்கவும் வேண்டும். உங்களுக்கு மிகவும் பயன்படுவது முழுக் குருதிப் பரிசோதனைதான். மூன்றாம் நாளிலிருந்து நாளாந்தம் அது தேவை. கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியோர், நீரிழிவு உள்ளவர்கள் ஆகியோருக்கு அதற்கு முன்பே. டெங்கில் வெண்குருதிக் கலங்கள் குறைகின்றன. அவை ஒரு மைக்ரோலீற்றருக்கு 5,000 இற்குக் கீழே வந்திருந்தால் அடுத்த நாள் அளவில் ஆபத்தான கட்டம் தொடங்கலாம் என்று எதிர்பாருங்கள். எலிக்காய்ச்சலில் அவை பெரும்பாலும் கூடும். குருதிச் சிறுதட்டுகள் இரண்டிலும் குறையக்கூடும் என்பதால், அவை குறைந்தவுடன் "டெங்குதான்" என்று முடிவுகட்டி எலிக்காய்ச்சலுக்கான மருந்தைத் தவறவிட வேண்டாம். சிறுதட்டுகள் 100,000 இற்குக் கீழே இறங்கினால் அனுமதிக்க அனுப்புங்கள்.

ஊசி கேட்பவர்களைப் பற்றி நான் கண்டிப்பாகவே சொல்ல விரும்புகிறேன். டிக்ளோபெனாக், இபுப்ரோபன், மெபெனமிக் அசிட், அஸ்பிரின் போன்றவற்றை மாத்திரையாகவோ ஊசியாகவோ மலவாயில் வைக்கும் மருந்தாகவோ காய்ச்சல் நோயாளருக்குக் கொடுக்கக் கூடாது. அவை டெங்கில் குருதிக் கசிவைக் கூட்டும், எலிக்காய்ச்சலில் ஏற்கனவே தவிக்கும் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். ஸ்டீரொயிட்டும் வேண்டாம். 50 கிலோவுக்கு மேற்பட்ட வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் பரசிட்டமோல் இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. ஒரு நாளில் எட்டுக்கு மேல் இல்லை. வரும் வழியில் கடையில் வாங்கித் தடிமனுக்குப் போட்ட மாத்திரையிலும் பரசிட்டமோல் இருக்கக்கூடும், அதையும் கேட்டுக் கணக்கில் சேருங்கள். காய்ச்சல் முழுதாக விடாவிட்டாலும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். ஈரத் துணியால் மேலைத் துடைக்கச் சொல்லுங்கள்.

சேலைன் உடம்புக்குத் தென்பு தரும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக இருக்கிறது. கசியும் கட்டத்தில் அளவு பார்க்காமல் ஏற்றும் திரவம் நெஞ்சிலும் வயிற்றிலும் தேங்கி மூச்சை அடைக்கும். சிறுநீர் குறைந்த எலிக்காய்ச்சல்காரருக்கும் அதே ஆபத்து உண்டு. வாயால் குடிக்கக்கூடியவர் வாயாலேயே குடிக்கட்டும். வளர்ந்தவர் ஒருவருக்குக் காய்ச்சல் நாட்களில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ இரண்டரை லீற்றர் போதும்: கஞ்சி, இளநீர், ஜீவனி (வாய்வழி நீரேற்றக் கரைசல்), உப்பும் சீனியும் சேர்த்த தேசிக்காய்த் தண்ணீர். வெறும் தண்ணீர் மட்டும் குடிப்பது போதாது. சிவப்பு, கபில நிறப் பானங்களைத் தவிர்க்கச் சொல்லுங்கள். பின்னர் சத்தி எடுத்தால் அது குருதியா பானமா என்று தெரியாமல் போகும்.

வீட்டுக்கு அனுப்பும்போது அடுத்த முறை வர வேண்டிய நாளையும், உடனே திரும்பி வரவேண்டிய அறிகுறிகளையும் ஒரு துண்டில் எழுதி நோயாளரிடம் அல்ல, அவரைப் பராமரிப்பவரிடம் கொடுங்கள். அவரையே திருப்பிச் சொல்லவும் வையுங்கள். வீடு எங்கே, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, இரவில் வாகனம் கிடைக்குமா என்பவையும் மருத்துவக் கேள்விகள்தான். போக்குவரத்து இல்லாத கிராமத்தில் தனியாக இருக்கும் நான்காம் நாள் நோயாளரை, அளவுகள் நன்றாக இருந்தாலும், அன்று பின்னேரமே களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்கோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ அனுப்பும்படி உங்கள் வைத்தியரிடம் தயங்காமல் சொல்லுங்கள். அவசர நிலையில் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை எடுங்கள், முச்சக்கர வண்டியில் இருத்தி அனுப்ப வேண்டாம். கடிதத்தில் காய்ச்சல் தொடங்கிய நாளும் நேரமும், இரண்டு எண்களோடு குருதியமுக்கம், நாடி, கடைசியாகச் சிறுநீர் கழித்த நேரம், கொடுத்த மருந்தும் திரவமும், வயலில் இறங்கிய விபரம் ஆகியவை இருக்கட்டும். இரு நோய்களும் அறிவிக்க வேண்டியவை என்பதால், உறுதியாகும்வரை காத்திராமல் சந்தேகத்தின் பேரிலேயே எச் 544 படிவம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போக வேண்டும்.

இவை இரண்டும் அல்லாத ஒன்றையும் நினைவில் வைத்திருங்கள். நீரிழிவு உள்ள விவசாயி ஒருவருக்கு ஒரு வாரத்துக்கு மேலாகக் காய்ச்சல், வழமையான நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கு அசையவில்லை, எங்காவது சீழ்க்கட்டியும் இருக்கிறது என்றால் அது மண்ணிலும் சேற்றிலும் வாழும் கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் ஆக இருக்கலாம். நமது மாவட்டத்தில் அது உண்டு. அதற்குத் தனியான ஊசி மருந்துகள் பல நாள் தேவை, அதனால் சந்தேகத்தைக் கடிதத்தில் பெயர் சொல்லியே எழுதுங்கள். வெளிநாட்டிலிருந்து அண்மையில் திரும்பியவர் என்றால் மலேரியாவுக்கும் குருதி பார்க்க வேண்டும். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாகச் சான்றளிக்கப்பட்டாலும் வெளியிலிருந்து வருபவர்களோடு அது வருகிறது.

தடுப்பு மாத்திரை பற்றிய உங்கள் கடைசிக் கேள்விக்கு: சேற்றில் இறங்கும் காலம் முழுவதும் வாரத்துக்கு ஒருமுறை டொக்ஸிசைக்ளின் 200 மில்லிகிராம் எடுப்பதே நடைமுறை. அதை நீங்களாக அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்காமல், அந்த வயற்கண்டத்தில் வேலை செய்பவர்களின் பெயர்களைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாக அது கிடைக்கும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அது பொருந்தாது. சாப்பிட்ட பின் ஒரு பெரிய குவளை தண்ணீரோடு விழுங்கி, அரை மணித்தியாலமாவது படுக்காமல் இருக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உணவுக் குழாய் புண்ணாகும். மாத்திரை எடுத்தவருக்கும் காய்ச்சல் வந்தால் அவர் மறுநாளே உங்களிடம் வர வேண்டும் என்பதை மாத்திரை கொடுக்கும் அன்றே சொல்லிவிடுங்கள்.