கழிப்பறை கேட்டு மனு போடுவதற்கு முன்

கேள்வி: எங்கள் ஊர் ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் 140 பிள்ளைகள் படிக்கிறார்கள், பாதிப் பேர் பெண்கள். அவர்களுக்கு உருப்படியாக இருப்பது ஒரே ஒரு கழிப்பறை. நான் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர். இரண்டு வருடமாக மனு கொடுத்தும் நிதி வரவில்லை. ஊரைச் சேர்த்துக்கொண்டு எப்படிக் கேட்பது?

பதில்: மனு கொஞ்சம் இருக்கட்டும். முதலில் தலைமையாசிரியரிடம் யூடைஸ் படிவத்தைக் கேட்டுப் பாருங்கள். பள்ளியில் என்ன இருக்கிறது, எது பயன்படுகிறது என்று வருடாவருடம் அரசுக்குப் போகும் விவரம் அது. பூட்டிக் கிடக்கும் கழிப்பறையும் அதில் பயன்பாட்டில் இருப்பதாகப் பதிவாகியிருந்தால், மேலே இருப்பவர்கள் கண்ணுக்கு உங்கள் பள்ளியில் குறையே தெரியாது. அதைத் திருத்தச் சொல்லுங்கள்.

அப்புறம், என்ன வேண்டும் என்பதைக் கூட்டத்தில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். குழுவில் உள்ள தாய்மார்கள் இரண்டு பேர், ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகளிடம் தனியாகப் பேசட்டும். தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, மாதவிலக்கு நாளில் பள்ளிக்கு வருகிறார்களா? ஆண்கள் கூடிய இடத்தில் இதெல்லாம் வெளியே வராது. குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்வதன் அருமை இங்கேதான் எனக்குப் புரிகிறது. புதுக் கட்டடம் கேட்டுவிட்டு, தண்ணீர்க் குழாயையும் கழுவ ஆள் சம்பளத்தையும் மறந்துவிட்டால் ஆறே மாதத்தில் அதுவும் பூட்டிக் கிடக்கும்.

40 பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பறை, மூன்று யூரினல் என்பது மத்திய அரசின் வழிகாட்டுதல். அந்தக் கணக்கையும் பிள்ளைகள் சொன்னதையும் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் எழுதுங்கள். அதைத் தயாரிக்க வேண்டியது உங்கள் குழுதான். அரசு தரும் நிதிக்கு அதுதான் அடிப்படை என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவே சொல்கிறது. கூடவே சுற்றுச்சுவர், மேசை, கணினி என்று அடுக்காமல் கழிப்பறையை முதலில் வையுங்கள்.

அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். பெண்கள் திரளாக வந்து பேசினால் பலம் கூடும். தீர்மான நகலோடு ஒன்றியப் பொறியாளரிடம் எஸ்டிமேட் கேளுங்கள். டிசம்பருக்குள் கைக்கு வந்தால் அடுத்த நிதியாண்டுக்குக் கேட்க நேரம் இருக்கும்.

ஊரில் பணம் திரளும் என்றால் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. பொதுவாகச் செலவில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட வேண்டும், மீதியை அரசு தரும். கூலிக்குப் போகும் பெற்றோரிடம் வசூலுக்குப் போகாதீர்கள். அவர்கள் கிராம சபைக்கு வர ஒரு நாள் கூலியை விடுவதே பெரிய பங்களிப்பு.

தாழ்ப்பாள், குழாய் போன்ற சில்லறை வேலைகளுக்குக் காத்திருக்க வேண்டாம். 101 முதல் 250 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு, மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தும் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவின் மானியம் வருடத்துக்கு 50,000 ரூபாய் வரை உண்டு. அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைக்குச் செலவிட வேண்டும். அடுத்த குழுக் கூட்டத்திலேயே அந்தக் கணக்கைக் கேளுங்கள்.