பொருளாதாரத்தில் பிஎச்டி: வழி சொல்ல ஆள் இல்லாதவர்களுக்கு ஒரு கேள்வி பதில்

பிஎச்டி பற்றிக் கேள்விகள் கேட்கச் சொன்னபோது, வீட்டில் முதல் பட்டதாரிகள், பெண்கள், ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள் என்று பொருளாதாரத் துறையில் குறைவாகக் காணப்படுபவர்களின் கேள்விகளுக்கே முதலிடம் என்று சொல்லியிருந்தேன். நான் பொருளாதாரம் கற்பிப்பவன். பிஎச்டி சேர்க்கைக் குழுவில் உட்கார்ந்து விண்ணப்பங்களைப் படித்தவன். விசா, கல்விக்கடன் கேள்விகளை விட்டுவிடுகிறேன், அவை என் துறை இல்லை.

கேள்வி: பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் கல்லூரிக்குப் போனதில்லை. பிஎச்டி எத்தனை வருடம்? எவ்வளவு செலவாகும்?

அமெரிக்காவில் ஐந்து, ஆறு வருடம். இளநிலைப் பட்டத்தோடு நேராகச் சேரலாம். ஐரோப்பாவில் பெரும்பாலும் முதுநிலை முடித்த பிறகுதான் பிஎச்டி.

செலவைப் பற்றித்தான் பலருக்குத் தெரியாமல் இருக்கிறது. நல்ல பிஎச்டி துறைகள் மாணவரிடம் பணம் வாங்குவதில்லை. கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாதாமாதம் உதவித்தொகையும் தருகின்றன. பதிலுக்கு நீங்கள் இளநிலை மாணவர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுப்பீர்கள், விடைத்தாள் திருத்துவீர்கள், இல்லையென்றால் ஒரு பேராசிரியரின் ஆய்வுக்கு உதவுவீர்கள். 'அவ்வளவு பணம் எங்களிடம் இல்லையே' என்று விண்ணப்பிக்காமலே விட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் அழுத்தமாகச் சொல்கிறேன்: சொந்தக் காசு கட்டிப் பொருளாதார பிஎச்டி சேராதீர்கள். உதவித்தொகை இல்லாமல் இடம் மட்டும் தந்தால் அதை வேண்டாம் என்ற பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். முதுநிலைப் படிப்பு வேறு கதை. அதற்குப் பெரும்பாலும் பணம் கட்ட வேண்டியிருக்கும், யோசித்துச் செய்யுங்கள்.

முதல் வருடம் நுண்ணியல் (தனிமனிதர், நிறுவனங்களின் முடிவுகள்), பேரியல் (நாட்டின் மொத்தப் பொருளாதாரம்), எகனாமெட்ரிக்ஸ் (பொருளாதாரத் தரவுக்கான புள்ளியியல்) மூன்றும் நசுக்கி எடுக்கும். வருட முடிவில் தகுதித் தேர்வு. அதைத் தாண்டினால் ஆய்வு.

கேள்வி: என்னென்ன கணிதப் பாடங்கள் எடுத்திருக்க வேண்டும்? எங்கள் துறையில் புள்ளியியல் ஒரு தாள், கணிதம் ஒரு தாள், அவ்வளவுதான்.

பல மாறிகள் கொண்ட கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா, நிகழ்தகவும் புள்ளியியலும். இவை இல்லாமல் முடியாது. நான்காவதாக ரியல் அனாலிசிஸ். இதைத்தான் யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ரியல் அனாலிசிஸில் விடை கண்டுபிடிக்கும் வேலை குறைவு, நிரூபிக்கும் வேலைதான் அதிகம். ஒரு தொடர்வரிசை ஓர் எல்லையை நெருங்குகிறது என்றால் அதை எப்சிலான் என்ற மிகச் சிறிய எண்ணை வைத்து வரிவரியாக நிறுவ வேண்டும். பிஎச்டி முதல் வருட நுண்ணியல் அந்த மொழியில்தான் நடக்கிறது. நுகர்வோருக்கு உகந்த தெரிவு என்று ஒன்று இருக்கிறதா என்ற கேள்விக்கே அங்கே நிரூபணம் வேண்டும். சேர்க்கைக் குழுவில் இருப்பவர்கள் மதிப்பெண் பட்டியலில் அந்தப் பாடத்தைத் தேடுகிறார்கள், இந்த மாணவர் முதல் வருடத்தைத் தாங்குவாரா என்று பார்க்க. பேராசிரியரின் மகளுக்கு இது பதினெட்டு வயதில் சாப்பாட்டு மேசையில் தெரிந்துவிடும். உங்களுக்குக் கடைசி வருடத்தில் தெரிகிறது. வித்தியாசம் அவ்வளவுதான், திறமையில் இல்லை.

உங்கள் துறையில் அந்தப் பாடம் இல்லையென்றால் கணிதத் துறைக்குப் போய் அனுமதி கேளுங்கள். கிடைக்காவிட்டால் மதிப்பெண்ணும் சான்றிதழும் தருகிற தொலைநிலைப் பாடமாகப் படியுங்கள். தானாகப் படித்தது அறிவுக்கு நல்லதுதான், ஆனால் மதிப்பெண் பட்டியலில் வராது.

கேள்வி: எனக்குக் கணக்கு வராது. பொருளாதாரத்தில் பிஎச்டி செய்யலாமா?

வராது என்று யார் சொன்னது, எந்த வயதில் என்று முதலில் யோசித்துப் பாருங்கள். பிறகு மேலே உள்ள பதில்.

கேள்வி: ப்ரீடாக் என்கிறார்களே, அது என்ன? கட்டாயமா?

பிஎச்டிக்கு முன்னால் ஓரிரு வருடம் ஒரு பேராசிரியரிடமோ மத்திய வங்கியிலோ ஆய்வு நிறுவனத்திலோ சம்பளத்துக்கு முழுநேர ஆய்வு உதவியாளராக வேலை செய்வது. கட்டாயம் இல்லை. ஆனால் முன்னணித் துறைகளில் சேர்பவர்களில் இப்படி வருகிறவர்கள் இப்போது மிக அதிகம். இதற்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு: வீட்டுக்குச் சம்பாதித்துக் கொடுக்க வேண்டியவருக்கு, குறைந்த சம்பளத்தில் இன்னும் இரண்டு வருடம் என்பது சுமை. இருந்தாலும் பெயர் தெரியாத கல்லூரியிலிருந்து வருபவருக்கு இதைவிட நல்ல கதவு இன்று வேறில்லை என்றே நினைக்கிறேன். உங்கள் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவர் உங்களுக்காகக் கடிதம் எழுதுவார்.

ப்ரீடாக் வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஒரு தரவுப் பயிற்சி கொடுப்பார்கள். ஸ்டாட்டா, ஆர், பைத்தான் என்ற நிரல் கருவிகளில் எதில் செய்தாலும் சரி. பலர் தடுக்கி விழும் இடத்தைச் சொல்கிறேன். ஒரு கோப்பில் குடும்பத்துக்கு ஒரு வரி. இன்னொன்றில் குடும்ப உறுப்பினருக்கு ஒரு வரி. இரண்டையும் குடும்ப எண் வைத்து இணைக்கச் சொல்வார்கள். இணைத்ததும் ஐந்து பேர் உள்ள குடும்பத்தின் வருமானம் ஐந்து வரிகளில் வந்து நிற்கும். அப்படியே சராசரி எடுத்தால் அந்தக் குடும்பத்துக்கு ஐந்து மடங்கு எடை. நிரல் எந்தப் பிழையும் காட்டாது, எண்ணும் பார்க்க நன்றாகவே இருக்கும். இணைப்பதற்கு முன்னும் பின்னும் எத்தனை வரிகள் என்று எண்ணிப் பார்த்து, அதை ஒரு குறிப்பாக எழுதியும் வைத்தவர் தேறுவார். திருத்துபவர் தேடுவது அந்த ஒரு வரியைத்தான்.

கேள்வி: கணிதம் என்பதே எங்களை வெளியே நிறுத்தப் போட்ட வேலிதானே? எலினோர் ஆஸ்ட்ரம் கதை தெரியாதா?

தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கு முக்கோணவியல் எதற்கு என்று ஆஸ்ட்ரமுக்கு அறிவுரை சொன்னார்கள். பின்னால் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் பொருளாதார பிஎச்டிக்குக் கேட்டபோது, கணிதம் போதாது என்று மறுத்துவிட்டார்கள். அரசியல் அறிவியலில் பிஎச்டி செய்தார். 2009இல் பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண் அவர்தான்.

(இயற்பியல் படித்த ஒருவர் குறுக்கே): ஒரு விதிவிலக்கை வைத்துக்கொண்டு தரத்தைக் குறைக்கச் சொல்கிறீர்களா? கணிதம் தெரியாமல் உள்ளே வந்தால் முதல் வருடத்திலேயே வெளியேறுவார்கள்.

தரத்தைக் குறைக்க இங்கே யாரும் கேட்கவில்லை. ஆஸ்ட்ரமுக்குக் கணிதம் புரியாது என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. அவருக்கு அது கற்பிக்கப்படவில்லை, அவ்வளவுதான். கற்றுக்கொள்ளக் கிடைத்த வாய்ப்பை அளந்துவிட்டு, திறமையை அளந்தோம் என்று சொல்வதுதான் தவறு. ஒரு வருடம் கணிதம் கற்பித்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம் 1974இல் தொடங்கிய கோடைப் பயிற்சித் திட்டத்தின் அடிப்படையே இதுதான். சிறுபான்மைச் சமூக மாணவர்களைக் கூட்டி, பிஎச்டிக்கு வேண்டிய கணிதம், நுண்ணியல், எகனாமெட்ரிக்ஸைக் கோடையில் தீவிரமாகக் கற்பித்தார்கள்.

(முதலில் கேட்டவர்): அப்படியென்றால் பழி மறுபடியும் எங்கள் மேல்தான். நாங்கள்தான் பயிற்சிக்குப் போக வேண்டும். துறை மாறாது, அப்படித்தானே?

இல்லை. துறை மாற வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அன்னா ஸ்டான்ஸ்பரி, ராபர்ட் ஷுல்ட்ஸ் இருவரும் 2023இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். அமெரிக்காவில் பிறந்து அங்கே பொருளாதார பிஎச்டி முடித்தவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்கு அம்மாவோ அப்பாவோ முதுநிலை அல்லது அதற்கு மேல் படித்தவர்கள். மற்ற பெரிய துறைகளைவிட நிலைமை மோசம். வறுமையையும் வேலையின்மையையும் ஆராயும் துறைக்கு இது பெரிய குறை. வறுமையை உள்ளிருந்து பார்த்தவர் கேட்கும் கேள்வியே வேறு. பொருளாதார அறிஞர் ஆர்தர் லூயிஸ் கரீபியன் தீவான செயின்ட் லூசியாவில் பொறியாளராக விரும்பினார். காலனி அரசும் வெள்ளையர் நிறுவனங்களும் கறுப்பினப் பொறியாளரை வேலைக்கு வைக்காது என்பதால் வேறு படிப்புக்குப் போனார். ஏழை நாட்டுப் பொருளாதாரங்களின் இரட்டைத் தன்மையை (பழைய விவசாயமும் புதிய தொழில்துறையும் அருகருகே இருப்பதை) விளக்கும் மாதிரியை 1954இல் தந்தவர் அவர். 1979இல் நோபல். அம்பேத்கர் ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து 1923இல் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் முனைவர் பட்டம் வாங்கினார். இருவரும் துறையின் கருவிகளை முழுதாகக் கையில் எடுத்துக்கொண்டு, தங்கள் கேள்விகளை அதன் முன் வைத்தவர்கள்.

(இன்னொருவர்): உள்ளே போனவர்களுக்கு மட்டும் என்ன கிடைத்தது? சேடி அலெக்சாண்டருக்கு வேலையே கிடைக்கவில்லையே.

உண்மை. 1921இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பொருளாதார பிஎச்டி. அமெரிக்காவில் அந்தப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். பொருளாதார அறிஞராக அவரை யாரும் வேலைக்கு எடுக்கவில்லை. ஒரு கறுப்பினக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு, அதே பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி 1927இல் சட்டம் முடித்து வழக்கறிஞரானார். அந்த இழப்பு துறைக்குத்தான். இதற்கு என்னிடம் ஆறுதல் பதில் கிடையாது. வாதம் இத்தோடு போதும், கேள்விகள் குவிந்துவிட்டன.

கேள்வி: உள்ளே போனால் பெண்களை மரியாதையாக நடத்துவார்களா?

இடத்துக்கு இடம் மாறும். ஆலிஸ் வூ கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இளநிலை மாணவியாக எழுதிய ஆய்வு 2017இல் துறையையே உலுக்கியது. பொருளாதார வேலைச் சந்தை பற்றிய ஒரு பெயரில்லா விவாதத் தளத்தில், பெண்களைப் பற்றிய பதிவுகள் ஆராய்ச்சியை விட்டுவிட்டு உடலையும் தோற்றத்தையும் சுற்றியே போயின என்று எண்ணிக் காட்டினார். 2019இல் அமெரிக்கப் பொருளாதாரச் சங்கத்தின் கருத்துக்கணிப்பில், பதில் சொன்ன பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பாலினப் பாகுபாட்டைச் சந்தித்ததாகச் சொன்னார்கள்.

ஆகவே சேரும் முன் அங்கே இப்போது படிக்கிற பெண்களிடம் பேசுங்கள், மின்னஞ்சலில் வேண்டாம், நேரில் அல்லது தொலைபேசியில். 'இந்தப் பேராசிரியரிடம் படித்து எத்தனை பெண்கள் முடித்தார்கள், எங்கே வேலைக்குப் போனார்கள்' என்று கேளுங்கள்.

கேள்வி: வழிகாட்டி ஒருவர் இருந்தால் உண்மையிலேயே வித்தியாசம் வருமா?

வரும், அளந்தே பார்த்திருக்கிறார்கள். கேத்தரின் போர்ட்டர், டானிலா செர்ரா இருவரும் ஒரு பல்கலைக்கழகத்தில் அறிமுகப் பொருளாதார வகுப்புகள் சிலவற்றுக்கு மட்டும் அங்கே படித்த பெண்களை அழைத்துவந்து சுமார் 15 நிமிடம் தங்கள் வேலையைப் பற்றிப் பேச வைத்தார்கள். அந்த வகுப்புகளில் பொருளாதாரத்தை முதன்மைப் பாடமாக எடுத்த பெண்களின் எண்ணிக்கை கூடியது. ஆண்களிடம் மாற்றம் இல்லை. பெண் உதவிப் பேராசிரியர்களுக்கான ஒரு பயிலரங்குக்கு விண்ணப்பங்கள் இடத்தைவிட அதிகமானபோது குலுக்கலில் ஆள் எடுத்தார்கள். குலுக்கலில் இடம் கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களைவிட அதிக ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டார்கள்.

கேள்வி: பரிந்துரைக் கடிதம் யாரிடம் கேட்பது? துறைத் தலைவரிடம் வாங்கினால் எடை அதிகமா?

பதவிக்கு எடை இல்லை. 'இவர் ஒழுக்கமான, கடின உழைப்பாளியான மாணவர்' என்று துறைத் தலைவர் எழுதும் நான்கு வரியால் எந்தப் பயனும் இல்லை. 'இவர் என் ஆய்வில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தார், இப்படிக் கண்டுபிடித்தார்' என்று இளைய ஆசிரியர் எழுதும் ஒரு பத்தி உள்ளே கொண்டுபோகும். மூன்று கடிதம் தேவை. அதனால் இரண்டு வருடம் முன்பே ஆசிரியர்களிடம் வேலை கேட்கத் தொடங்குங்கள். 'உங்கள் கட்டுரையின் மூன்றாம் அட்டவணையை நானே மறுபடி கணக்கிட்டுப் பார்த்தேன், ஓர் எண்ணில் சந்தேகம்' என்று தொடங்கும் மின்னஞ்சலுக்குப் பதில் வரும். 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான வழிகாட்டுதலை நாடுகிறேன்' என்று தொடங்குவதற்கு வராது.

கேள்வி: ஒரு ஆலோசனை நிறுவனம் பிஎச்டி இடம் வாங்கித் தருவதாகப் பணம் கேட்கிறது.

கொடுக்காதீர்கள். இடம் தருவது துறையின் குழு மட்டும்தான், அதை யாராலும் வாங்கித் தர முடியாது. விண்ணப்பக் கட்டணம்தான் பிரச்சினை என்றால், பல பல்கலைக்கழகங்கள் வசதியில்லாதவர்களுக்கு அதைத் தள்ளுபடி செய்கின்றன. துறை அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: எந்தப் பல்கலைக்கழகம் சிறந்தது?

உங்கள் கேள்வியில் வேலை செய்பவர்கள் எங்கே இருக்கிறார்களோ அது.

கேள்வி: கணிதம் பலவீனம், சேரலாமா?

மறுபடியும் இதே கேள்வி. ரியல் அனாலிசிஸ் பற்றிய பதிலைப் படியுங்கள். ஒரு பாடம் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

கேள்வி: உதவித்தொகை இல்லாமல் ஒரு பிஎச்டி இடம் கிடைத்திருக்கிறது. அப்பா நிலத்தை விற்றுக் கட்டலாம் என்கிறார்.

வேண்டாம். நிலத்தை விற்க விடாதீர்கள். ஒரு வருடம் ப்ரீடாக் தேடுங்கள், மறுபடி விண்ணப்பியுங்கள். அமெரிக்கத் துறைகளுக்குப் பெரும்பாலும் டிசம்பரில் கடைசித் தேதி. உதவித்தொகையோடு இடம் வந்தால் முடிவு சொல்ல ஏப்ரல் 15 வரை நேரம் உண்டு. அதற்குள் பதில் சொல் என்று பல்கலைக்கழகம் நெருக்கினால் அவசரப்படாதீர்கள், அந்தத் தேதியைச் சொல்லி நேரம் கேளுங்கள்.

கேள்வி: பிஎச்டி இல்லாமல் பொருளாதாரத்தில் வேலை உண்டா?

நிறைய. மத்திய வங்கிகள், புள்ளியியல் துறைகள், ஆய்வு நிறுவனங்கள், தரவுப் பகுப்பாய்வு. முதுநிலையும் நல்ல நிரல் அறிவும் போதும். ஆய்வுக் கேள்வியை நீங்களே தீர்மானிக்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் மட்டும் பிஎச்டி.

கேள்வி: நான் கல்லூரி ஆசிரியை. என் வகுப்பில் முதல் தலைமுறை மாணவி ஒருத்தி மிக நன்றாகப் படிக்கிறாள். நான் என்ன செய்யலாம்?

இன்றைக்கு வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான். பிஎச்டி என்று ஒன்று இருக்கிறது, அது அவளுக்கானதும்தான் என்று அவளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தானாகத் தெரிந்துகொள்வாள் என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த பருவத்துக்குப் பாடம் தேர்ந்தெடுக்கும்போது கணிதத் துறைக்கு அவளை நீங்களே கூட்டிப்போய் அறிமுகப்படுத்துங்கள். உங்கள் ஆய்வில் தரவு சுத்தம் செய்யும் வேலை ஏதாவது இருந்தால், சிறியதானாலும் காசு கொடுத்துச் செய்ய வையுங்கள். வீட்டில் 'இன்னும் எத்தனை வருடம் படிப்பாய்' என்று கேட்பார்கள். உதவித்தொகை பற்றி அவள் பெற்றோரிடம் நீங்களே பேசினால் நல்லது, ஆசிரியர் சொன்னால் அவர்கள் கேட்பார்கள். அவள் எங்கே விண்ணப்பிக்கலாம் என்ற பட்டியல் போடும்போது எனக்கு எழுதுங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.