பரிசு பேசினால்தான் படிப்பேன் என்னும் பிள்ளை

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். காலாண்டுத் தேர்வில் கணக்கில் 90-க்கு மேல் எடுத்தால் சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொன்னோம், எடுத்துவிட்டான். இப்போது அரையாண்டுக்குப் படிக்கச் சொன்னால், “என்ன வாங்கித் தருவீங்க?” என்று கேட்கிறான். அன்று போட்ட கணக்குகளும் மறந்துவிட்டன. என்ன செய்வது? (ஒரு தாய், அம்பாசமுத்திரம்)

பதில்: சைக்கிளை இன்னும் வாங்கவில்லை என்றால் முதலில் வாங்கிக் கொடுத்துவிடுங்கள், கொடுத்த வாக்கைத் தவறினால் அடுத்து நீங்கள் சொல்லும் எதற்கும் மதிப்பிருக்காது. ஆனால் அரையாண்டுக்குப் புதிதாகப் பரிசு எதுவும் பேச வேண்டாம்.

உங்கள் மகன் சோம்பேறி அல்லன். மதிப்பெண்ணை இலக்காக வைத்தீர்கள். அதற்கு எது சுருக்கு வழியோ அதில் அவன் போயிருக்கிறான். பரிசை மட்டுமே எண்ணிப் படிக்கும் மாணவர், கைடில் உள்ள முக்கிய வினாக்களைத் தேர்ந்து, கணக்கின் படிகளை அப்படியே மனப்பாடம் செய்து, கடினமானதை ஒதுக்கிவிடுகிறார். பாடத்தில் நாட்டம் கொண்டவரோ, இந்தப் படி ஏன் வந்தது என்று நின்று யோசித்து, முன்பு கற்றதோடு அதைப் பொருத்திப் பார்க்கிறார். அப்படிப் பொருத்திக் கற்றதே நெடுநாள் நினைவில் தங்கும்.

1973-இல் அமெரிக்க உளவியலாளர் மார்க் லெப்பரும் அவருடைய சகாக்களும், படம் வரைவதில் இயல்பாகவே விருப்பம் கொண்ட மழலையர் பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்தனர். வரைந்தால் பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், பின்னர் பரிசில்லாத வேளையில் மற்றவர்களைவிட மிகக் குறைவாகவே வரைந்தனர். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. ஆகவே பரிசே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாய்ப்பாடு மனப்பாடம் போன்ற சலிப்பான வேலைக்குச் சிறு ஊக்கம் கொடுப்பதால் பெரிய கேடு வராது. முன்கூட்டியே விலை பேசுவதுதான், இருக்கிற விருப்பத்தையும் தேய்த்துவிடுகிறது.

உளவியலாளர்கள் எட்வர்டு டெசி, ரிச்சர்டு ரயன் ஆகியோரின் கொள்கைப்படி, உள்ளிருந்து எழும் ஊக்கத்துக்கு மூன்று தேவை: தானே தேர்ந்தெடுக்கும் உரிமை, தன்னால் முடிகிறது என்ற உணர்வு, தன்மீது அக்கறை கொண்டவர்களின் உறவு. எந்தப் பாடத்தை எப்போது படிப்பது என்பதை மகனே முடிவு செய்யட்டும்; படிக்க வேண்டுமா என்பதை மட்டும் பேச்சுக்கு விடாதீர்கள். மறந்த கணக்குகளில் எளியவற்றிலிருந்து தொடங்கி, புத்தகத்தைப் பார்க்காமல் நாளுக்கு இரண்டு மூன்று போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மதிப்பெண்ணை விசாரிப்பதை விட்டு, “இந்தக் கணக்கை எப்படிப் போட்டே, எனக்கும் சொல்லு” என்று கேளுங்கள். உங்களுக்குக் கணக்கு வராது என்றாலும் கேளுங்கள். சொல்லிக் கொடுக்கும்போதுதான் தனக்கு எது விளங்கவில்லை என்பது அவனுக்கே தெரியவரும்.

உங்கள் ஊரில் பாடத்தைப் பொருத்திக் காட்ட நல்ல வாய்ப்பும் உண்டு. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டம் நாளிதழில் வருகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதைக் குறித்துவைத்து வரைபடம் போடட்டும். முழு நீர்மட்டம் 143 அடி கொண்ட பாபநாசம் அணையில் ஒரே நாளில் சில அடி ஏறுவதையும் பிறகு மெல்ல இறங்குவதையும் தன் கையால் வரைந்தவனுக்கு, ஆயத்தொலைவுகளும் சராசரியும் தேர்வுக்கான வினாக்களாக மட்டும் இருக்கமாட்டா.

முதல் சில வாரங்கள் அவன் முரண்டு பிடிக்கலாம்; பொறுத்திருங்கள். படிப்பில் மட்டுமின்றி விளையாட்டிலும் நண்பர்களிடமும் ஆர்வம் குன்றி, உறக்கமும் உணவும் குறைந்தால், அது ஊக்கக் குறைவாக மட்டும் இராது. அப்போது வகுப்பாசிரியரிடம் பேசி, மருத்துவரையும் பாருங்கள்.