வெள்ளியா, மையா? பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் கொலாஜ்: கேள்வி பதில்

அக்கா, ஒரு பெட்டி நிறைய பழைய ஃபோட்டோ இருக்கு. வெட்டி ஒட்டி கொலாஜ் பண்ணலாம்னா கை நடுங்குது. எங்கே ஆரம்பிக்க?

நடுங்கட்டும், நல்லதுதான். முதலில் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிடுங்கள். பிறகு பூதக்கண்ணாடி. புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சகத்து மை. புள்ளியே இல்லாமல் சாம்பல் நிறம் இழைந்து போனால் அநேகமாக, தாளின் மேல் பூசியிருக்கும் ஜெலட்டின் படலத்துக்குள் இருக்கும் வெள்ளித் துகள். கருமையான இடத்தைச் சாய்த்துப் பாருங்கள். நீலச் சாயலோடு கண்ணாடி போல மினுங்கினால் சந்தேகமே வேண்டாம், வெள்ளிதான். இது தெரியாமல் எந்தக் கரைசலையும் தொடாதீர்கள்.

முகத்தை மட்டும் மங்கலாக்கணும். வீட்டில் இருக்கிற பிளீச் போதுமா?

அது மங்கலாக்காது, ஜெலட்டினையே தின்றுவிடும். படம் கூழாகி வழிந்து, அடியிலிருக்கும் வெள்ளை தெரியும். அந்தக் காயம்தான் வேண்டுமென்றால் தூரிகை முனையால் ஒரு சொட்டு போதும்.

மெல்ல மெல்ல மங்க வேண்டுமென்றால் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் ஹைப்போவும் (சோடியம் தயோசல்ஃபேட் உப்பு) கலந்த கரைசல். ஹோவர்ட் ஃபார்மர் 1883-இல் சொன்ன முறை. இருட்டறைக்காரர்கள் இன்னும் விடவில்லை. வெளிர் எலுமிச்சை நிறம் வருமளவு நீர்க்கக் கலக்குங்கள், அவ்வப்போது புதிதாக. படத்தை முன்கூட்டியே நனைத்துவிடுங்கள். காய்ந்த படத்தில் கறை போல விளிம்பு கட்டும். நினைத்த அளவுக்குக் கொஞ்சம் முன்பே நிறுத்தித் தண்ணீரில் போடுங்கள், அதற்குள் இன்னும் கொஞ்சம் வெளுத்திருக்கும். நான் ஒருமுறை ஃபோன் எடுக்கப் போய்த் திரும்பினேன். பெரியவருக்கு மூக்கைக் காணோம்.

கையுறை, திறந்த ஜன்னல் இரண்டும் கட்டாயம். ஃபெர்ரிசயனைடு பக்கத்தில் அமிலமோ, பிளீச் பக்கத்தில் வினிகரோ வரவே கூடாது. இரண்டிலும் நச்சு வாயு கிளம்பும்.

பத்திரிகையில் வெட்டின படத்துக்கு அந்தக் கரைசல் வேலையே செய்யலையே?

செய்யாது. அச்சு மையின் கறுப்பு கரி. கரைசல் கரைப்பது வெள்ளியை. உப்புத்தாளால் தேயுங்கள்.

வாட்டர் கலர் முத்து முத்தாய் உருண்டு ஓடுது மேடம்.

காய்ந்த ஜெலட்டின் அப்படித்தான் அடம்பிடிக்கும். ஈரப்பஞ்சால் ஒற்றி, அது ஊறியதும் நீர்த்த வண்ணத்தை அடுக்கடுக்காகப் பூசுங்கள். உள்ளே இறங்கிய சாயம் முழுதாக வெளியே வராது. முதல் முயற்சி என்றால் ஒளி ஊடுருவும் ஆயில் வண்ணம்தான் என் சிபாரிசு. பிடிக்கவில்லையென்றால் காய்வதற்குள் துடைத்துவிடலாம்.

எந்தப் பசை?

ரப்பர் சொல்யூஷன் வேண்டாம், சில வருடங்களில் பழுப்பாகக் கறை ஏறும். மாவுச்சத்துப் பசை நல்லது. ஒட்டியபின் இரவு முழுக்கக் கனமான புத்தகத்துக்கு அடியில் வையுங்கள், இல்லையென்றால் சுருளும்.

ஒரிஜினலையேதான் வெட்டணுமா? நகல் போதாதா?

லேசர் நகலில் வெள்ளி கிடையாது, இந்த ரசாயன விளையாட்டு எதுவும் நடக்காது. ஆனாலும் யாரென்று தெரிந்த முகமா, நகலைத்தான் வெட்டுவேன். ஒரே படத்தின் இரண்டாம் பிரதி, கலங்கலாய் விழுந்தது, யாருக்குமே அடையாளம் தெரியாதது, இவைதான் என் கத்தரிக்கு. வெட்டுமுன் திருப்பிப் பாருங்கள். பின்னால் பேரோ தேதியோ எழுதியிருந்தால் அந்தப் பக்கத்துக்கும் ஒரு ஸ்கேன்.