சைலன்சரைத் தூக்கிப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: எங்கள் மாஸி 1035 டிராக்டர் வாங்கி 25 வருடம் ஆகிறது. சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. கம்பெனி சாமான் விலையில் பாதிக்கு டூப்ளிகேட் கிடைக்கிறது. வாங்கலாமா? (வாழப்பாடி)

பதில்: வாங்கலாம், ஆனால் பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். போல்ட் ஓட்டைகளின் இடைவெளியும் குழாயின் உள்விட்டமும் ஒத்துப்போக வேண்டும். அப்புறம் இரண்டையும் கைக்கு ஒன்றாகத் தூக்கிப் பாருங்கள். துருப்பிடித்த பழசைவிடப் புதுசு லேசாக இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். குலுக்கினால் உள்ளே எதுவும் ஆடக்கூடாது. நான் ஒருமுறை சில்வர் பெயின்ட் பளபளப்பில் ஏமாந்தவன். ஒரு மழைக்காலம்கூடத் தாண்டவில்லை, உள்தகடு வெல்டிங் விட்டுப் புகை போகும் வழியை அடைத்துக்கொண்டது. ஒரே கரும்புகை, ஏரில் இழுவை இல்லை. நானோ சைலன்சரைச் சந்தேகிக்காமல் டீசல் பம்பை வேலைக்குக் கொடுத்து, நாசிலையும் மாற்றி, மிச்சம் பிடித்த காசைப் போல மூன்று மடங்கைத் தொலைத்த பிறகுதான் அதைக் கழற்றினேன்.

கேள்வி: சைலன்சரை எடுத்துவிட்டு வெறும் பைப் வைத்தால் இழுவை கூடும் என்கிறான் மகன். (ஓமலூர்)

பதில்: சத்தம்தான் கூடும். மத்திய மோட்டார் வாகன விதி 120, டிராக்டருக்கும் சைலன்சர் கட்டாயம் என்கிறது. மகனையே அதில் நாள் முழுக்க உழச் சொல்லுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டம். நிமிர்ந்து நிற்கும் சைலன்சர் சில்வர் ஓக் கிளைகளில் இடிக்கிறது. கீழே திருப்பலாமா? (ஏற்காடு)

பதில்: திருப்பலாம். வளைவு வட்டமாக இருக்கட்டும், வெட்டி ஒட்டிய மூலை வேண்டாம். இன்ஜினிலிருந்து புகை வெளிவரும் மேனிஃபோல்டு வாயைவிடக் குழாய் சிறுத்தால் புகை திணறி இன்ஜின் சூடேறும். முழு எடையும் மேனிஃபோல்டில் தொங்கினால் அதிர்விலேயே விரிசல் விடும், தாங்கு பட்டை கட்டாயம். குழாயின் வாய் தரையைப் பார்க்கக் கூடாது, காய்ந்த சருகில் ஒரு பொறி போதும்.

கேள்வி: வாங்கி எட்டே நாளில் வெல்டிங் பிளந்தது. பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று இருப்பதைக் காட்டி விரட்டுகிறார்கள். (ஆத்தூர்)

பதில்: இந்த ஒரு வரியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதை அச்சடித்துவிட்டால் சட்டமாகிவிடுமா? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதே முறையற்ற வணிகம். பில் தராமல் இருப்பதும் அப்படித்தான். பிளந்த இடத்தைப் படமெடுங்கள், எழுத்தில் கேளுங்கள், நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. தப்பு உங்கள் பேரில் இல்லை, கூசாமல் போங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கினேன், பொருந்தவில்லை. மாடல் எதுவென்று சரியாகத் தெரியாது. பில்லும் இல்லை. (மேட்டூர்)

பதில்: எனக்கும் தெரியாது.

கேள்வி: மழைத் தண்ணீர் குழாய்க்குள் இறங்குகிறதே? (சங்ககிரி)

பதில்: கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வையுங்கள். ஸ்டார்ட் செய்யும்முன் எடுத்துவிடுங்கள்.